ரத்தக் குழாய்க்குள் ஒரு விளக்கு

கைபேசியின் டார்ச்சை எரியவிட்டு அதன்மேல் விரலை வைத்துப் பாருங்கள். விரல் சிவப்பாக ஒளிரும். ஆனால் உள்ளே எலும்போ ரத்தக் குழாயோ தெரியாது. நீலத்தையும் பச்சையையும் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் விழுங்கிவிடுகிறது. சிவப்பு தப்பி வருகிறது. அதுவும் நேராக வருவதில்லை. வழியெல்லாம் மோதிச் சிதறுவதால், மூடுபனிக்குள் எரியும் விளக்கு மாதிரி கலங்கித் தெரிகிறது.

உடலின் மிக நுண்ணிய ரத்தக் குழாயான தந்துகியின் குறுக்களவு 5 முதல் 10 மைக்ரோமீட்டர்தான். இந்தக் கலங்கலில் அதை எப்படிப் பார்ப்பது? ரத்தத்தில் ஒளிரும் சாயம் ஏற்றலாம். இண்டோசயனைன் கிரீன் என்ற சாயம் பல பத்தாண்டுகளாக மருத்துவத்தில் இருக்கிறது. ஆனால் சில நிமிடங்களில் கல்லீரல் அதை ரத்தத்திலிருந்து எடுத்துவிடும். ஒளி பட்டுக்கொண்டே இருந்தால் சாயம் வெளுத்தும் போகும்.

இங்கேதான் குவாண்டம் புள்ளிகள் வருகின்றன. இவை சில நானோமீட்டர் அளவேயுள்ள குறைகடத்திப் படிகங்கள்; ஒளி பட்டால் ஒளிரும் இந்தத் துகள்களைச் சாயத்துக்குப் பதிலாக ரத்தத்தில் செலுத்தலாம். எளிதில் வெளுக்காதவை. படிகம் சிறுக்கச் சிறுக்க அதற்குள் அடைபட்ட எலக்ட்ரானின் ஆற்றல் கூடும், அது ஒளிரும் நிறமும் மாறும். காட்மியமும் செலினியமும் சேர்ந்த ஒரே காட்மியம் செலினைடுதான்: 2 நானோமீட்டரில் நீலம், 6 நானோமீட்டரில் சிவப்பு! 2023-இல் வேதியியல் நோபல் பரிசு இந்தப் புள்ளிகளுக்குத்தான்.

சிதறலுக்கு என்ன வழி? அகச்சிவப்பு லேசரைத் திசுவுக்குள் ஒரே இடத்தில் குவிப்பார்கள். அகச்சிவப்பு திசுவுக்குள் ஆழமாகப் போகும். அதன் ஒரு ஃபோட்டானுக்கு, அதாவது ஓர் ஒளித்துகளுக்கு, குவாண்டம் புள்ளியை ஒளிரவைக்கும் அளவு ஆற்றல் கிடையாது; இரண்டு ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். அந்த நெரிசல் குவியத்தில் மட்டுமே உண்டு. ஆகவே வெளிச்சம் எந்த வழியாகச் சிதறி வந்தாலும், அது கிளம்பிய இடம் நமக்குத் தெரியும். 2003-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உயிருள்ள எலியின் தோலுக்கடியில் தந்துகிகளை இப்படித்தான் படம் பிடித்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான். குவாண்டம் புள்ளிகள் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் மிதக்கின்றன, சிவப்பணுவுக்குள் போவதில்லை. அதனால் ஒளிரும் குழாயில் ஒவ்வொரு சிவப்பணுவும் கறுப்பு நிழலாக நகரும். குழாயின் நீளவாக்கில் ஒரே கோட்டைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்தால் அந்த நிழல்கள் சாய்கோடுகளாக விழும். சாய்வை அளந்தால் ரத்த ஓட்டத்தின் வேகம்!

துகளின் மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமரைப் பூசினால், உடல் அதை அந்நியப் பொருளாகக் கண்டுகொள்ளத் தாமதமாகும். கூடுதல் நேரம் ரத்தத்தில் சுற்றும். அப்புறம் அது வெளியேற வேண்டுமே? சுமார் 5.5 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் சிறுநீரகம் வடிகட்டிவிடும். பெரியவை கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கிவிடும். காட்மியமோ நச்சு உலோகம். மனிதர்களுக்கென்று வரும்போது, சாயத்தைப் பொதிந்த சிலிக்கா போன்ற காட்மியம் இல்லாத துகள்களை ஆய்வாளர்கள் நாடுவது இதனால்தான்.