‘டெர்மா’ என்றால் தருமமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் பொதுமண்டபம் கட்டப் பணம் திரட்டக் கிளம்பினால், கையில் ரசீதுப் புத்தகம், வாயில் ‘டெர்மா’. மண்டபமே பாதிப் பேருக்கு மலாயில் ‘பாலாய் ராயா’தான்.

டெர்மா மலாய்ச் சொல், நன்கொடை என்று பொருள். ஆனால் அதன் வேர் வடமொழியின் ‘தர்ம’. நாம் சொல்லும் தருமமும் அதே வேரிலிருந்து வந்ததுதான், ஒரே சொல் இரண்டு வழியாக நம் வீட்டுக்கு வந்திருக்கிறது. வடமொழியில் கடமை, அறநெறி என்று விரிந்த பொருள். நம் பேச்சில் “தருமம் போடுங்க” என்று பிச்சைக்காசு அளவுக்குச் சுருங்கிவிட்டது.

சிக்கல் இங்கேதான். ஒருமுறை லயத்து வீட்டு வாசலில் நின்று “டெர்மா, பாட்டி” என்றேன். பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்தபடியே, “டெர்மா என்னய்யா டெர்மா, என் பேத்தி கல்யாணமும் அங்கதான நடக்கப் போவுது, நம்ம பங்கு எவ்வளவு, அதைச் சொல்லு” என்றார். பத்து வெள்ளி நோட்டு, நாலாய் மடித்தது.

அவர் சொன்னதுதான் சரி. திருக்குறளில் 22-ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல், 23-ஆம் அதிகாரம் ஈகை. வறியவருக்குக் கொடுப்பதே ஈகை என்று வள்ளுவர் தெளிவாகப் பிரிக்கிறார்; ஊர் முழுக்கப் பயன்பட வாழ்வது ஒப்புரவு, அதற்கு அவர் காட்டும் உவமை ஊரார் எல்லாரும் நீர் எடுக்கும் ஊருணி. மண்டபமும் அப்படித்தானே, கல்யாணம், கருமாதி, பிள்ளைகளின் டியூஷன் எல்லாம் அதே கூரைக்குக் கீழே.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், இதே சுங்கை சிப்புட்காரரும் மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவருமான துன் வீ.தி. சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கொடுத்தவர்கள் பங்குதாரர்கள், அதை யாராவது டெர்மா என்று சொல்ல முடியுமா?

‘நன்கொடை’ நல்ல சொல்தான், நன்மையும் கொடையும் சேர்ந்தது. டவுன் கடைக்காரர் கொடுத்தால் நன்கொடை என்றே எழுதலாம். மண்டபத்தைப் புழங்கப் போகிறவர்கள் போடும் பணத்துக்கு ‘ஒப்புரவு நிதி’ என்பதே பொருத்தம். வீடு வீடாகத் திரட்ட 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும், அந்த மலாய் விண்ணப்பப் பாரத்தில் டெர்மா என்றே இருக்கட்டும். அப்புறம் ரசீது அச்சடிக்கும்போது தமிழ் வரியில் ‘மண்டப ஒப்புரவு நிதி’ என்று போடுங்கள்.