நாக்குக்கு முன்னால் கை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு சமையலறை. 11 மாதப் பேரனுக்கு ஆயா கூழ் ஊட்டிக்கொண்டிருக்கிறார். நாலு வாய் உள்ளே போனதும், கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் மகளோடு பேச்சில் இறங்கிவிடுகிறார். பிள்ளை இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்து தட்டுகிறான். வலது கை விரல்கள் குவிந்திருக்கின்றன, இடது கை விரிந்தபடியே நிற்கிறது.

"தாளம் போடுறான் பாரு" என்கிறார் ஆயா.

"தாளம் இல்லம்மா, இன்னும் வேணும்னு கேக்குறான்" என்கிறாள் மகள்.

இரு கை விரல்களையும் குவித்து நுனிகளை ஒன்றோடொன்று தட்டினால் அமெரிக்கச் சைகை மொழியில் 'இன்னும்' என்று பொருள். அவள் அதை யூடியூப் பார்த்துப் பழக்கியிருக்கிறாள். கரண்டி வாய்க்கு வந்ததும் தட்டுவது நின்றுவிடுகிறது. 'அம்மா' என்றுகூட இன்னும் திருத்தமாகச் சொல்லவராத பிள்ளை, வேண்டியதைக் கேட்டு வாங்கிவிட்டான்.

இது எப்படி முடிகிறது? குழந்தைக்குச் சொல் புரிவதும் சொல் வாயிலிருந்து வருவதும் ஒரே காலத்தில் நடப்பதில்லை. அமெரிக்காவில் எலிகா பெர்கல்சன், டேனியல் ஸ்விங்லி இருவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், 6 முதல் 9 மாதக் குழந்தைகளே உணவு, உடல் உறுப்புகளின் பெயர் சிலவற்றைக் கேட்டதும் சரியான படத்தின் பக்கம் கண்ணைத் திருப்பினார்கள். முதல் சொல் வாயில் வருவதோ ஏறக்குறைய 1 வயதில். இடைப்பட்ட மாதங்களில் பிள்ளைக்கு விஷயம் தெரியும், சொல்லத்தான் வழியில்லை. அழுகையில் பாதி அதனால்தான் என்று எனக்குத் தோன்றும்.

வாய் ஏன் தாமதிக்கிறது? பிறந்த குழந்தையின் குரல்வளை கழுத்தில் மிக மேலே இருக்கும். நாக்கு வாய் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும். குரல்வளை கீழே இறங்கி, நாக்கு புரள இடம் கிடைக்க மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒத்திசைவு. 'பால்' என்று சொல்லவே மூச்சு, குரல் நாண்கள், உதடு, தாடை, நாக்கு நுனி எல்லாம் நொடியில் சிறு பகுதிக்குள் வரிசை தவறாமல் வேலை செய்தாக வேண்டும். நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டினால்தான் அந்த 'ல்' வரும். அந்த நாக்கைப் பிள்ளையும் பார்க்க முடியாது, நாமும் பிடித்துக் காட்டிக்கொடுக்க முடியாது. கை அப்படியில்லை. கண்ணுக்கு முன்னாலேயே ஆடுகிறது. அம்மாவின் கையைப் பார்த்துத் தன் கையைச் சரிசெய்யலாம். அம்மாவும் விரல்களைப் பிடித்துக் குவித்துவிடலாம்.

இதை நம் புலவர்கள் கவனித்திருக்கிறார்கள். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் சப்பாணி ஒன்று. ஒன்பதாம் மாதக் குழந்தையைக் கை கொட்டச் சொல்லிப் பாடுவது. வளர்ச்சி ஆய்வாளர்கள் முக்கியமாகக் கருதுவதும் இந்த ஒன்பதாம் மாதச் சுற்றுவட்டத்தைத்தான். நாம் பார்க்கும் திசையைக் குழந்தையும் பார்க்கத் தொடங்குவதும், ஒரு பொருளை நாம் இருவரும் சேர்ந்து பார்க்கிறோம் என்ற உணர்வு அதற்கு வருவதும் அப்போதுதான். சுட்டுவிரல் நீளுவது அதற்கு அடுத்து. இந்த உணர்வு வராமல் எந்தச் சைகையும் ஒட்டாது. ஆறு மாதத்தில் பழக்கத் தொடங்கியவர்கள் பல வாரம் பலனில்லாமல் காத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

பிள்ளையின் சைகை ஆரம்பத்தில் கோணலாகத்தான் வரும். சைகை மொழிகளில் ஒரு சொல்லுக்குக் கையின் வடிவம், அது நிற்கும் இடம், அதன் அசைவு என்று பல கூறுகள் உண்டு. குழந்தைகள் இவற்றில் இடத்தை முதலில் சரியாகப் பிடிக்கிறார்கள், வடிவத்தில் தவறுகிறார்கள். முஷ்டி, விரித்த உள்ளங்கை, நீட்டிய சுட்டுவிரல் ஆகியவை எளிதில் வரும். விரல்களைத் தனித்தனியே மடக்கும் வடிவங்கள் பின்னால் வரும். மணிக்கட்டில் நடக்கவேண்டிய அசைவு முழங்கையிலோ தோளிலோ நடக்கும். ஆயாவுக்குத் தாளமாகத் தெரிந்தது இப்படி உருமாறிய 'இன்னும்'தான். 'சோறு' 'தோறு' ஆவதைப்போல இது கையின் மழலை. பெற்றோர் திருத்த வேண்டியதில்லை, அடையாளம் கண்டுகொண்டால் போதும்.

இந்தப் பழக்கம் பரவியதற்கு முக்கியக் காரணம் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 1980-களில் ஆய்வு செய்த லிண்டா அக்ரெடோலோ, சூசன் குட்வின் இருவரும். அக்ரெடோலோவின் மகள் பூவைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கைச் சுருக்கி முகர்ந்து காட்டினாள். யாரும் கற்றுத்தரவில்லை, அவளே உண்டாக்கிக்கொண்ட 'சொல்' அது. அந்த நூலைப் பிடித்துப் போய், 103 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வை 2000-ல் வெளியிட்டார்கள். 11 மாதத்திலிருந்து சைகை பழகியவர்கள் சில மொழித் தேர்வுகளில் கொஞ்சம் முந்தியிருந்தார்கள். அதன்பின் விளம்பரக்காரர்கள் கையில் விஷயம் போய்விட்டது. சைகை பழகினால் எட்டு வயதில் அறிவுத்திறன் கூடும் என்பது ஒரு மாநாட்டில் வாசித்த முடிவு. அதைச் சொல்லி இன்றும் வகுப்புகளும் சைகைப் பட அட்டைகளும் விற்கிறார்கள்.

அந்த விற்பனைப் பேச்சை நான் நம்பவில்லை. இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் கிர்க் குழுவினர் 40 குழந்தைகளை 8 மாதத்திலிருந்து 20 மாதம் வரை தொடர்ந்து பார்த்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். சைகை பழகியவர்களுக்கும் பழகாதவர்களுக்கும் பேச்சு வளர்ச்சியில் வேறுபாடு இல்லை. வேறுபாடு தெரிந்தது தாய்மாரிடம். சைகை பழக்கிய தாய்கள் குழந்தையின் முகத்தையும் கையையும் கூர்ந்து கவனித்தார்கள், பேசாமல் சொல்வதற்கும் பதில் கொடுத்தார்கள். பழகியது பிள்ளை மட்டுமல்ல, அம்மாவும்தான். ஆதாயம் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. அதற்குக் காசு கொடுத்து வகுப்புக்குப் போகவேண்டிய அவசியம் இல்லை.

சைகை காட்டினால் பிள்ளை பேசச் சோம்பல்படும் என்று பெரியவர்கள் பயப்படுவார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. மெரடித் ரோ, சூசன் கோல்டின்-மெடோ இருவரும் சிகாகோவில் 50 குழந்தைகளைக் கவனித்தார்கள். 14 மாதத்தில் சுட்டிக்காட்டுவது, தலையாட்டுவது போன்ற இயல்பான சைகைகளால் அதிக விஷயங்களைக் குறித்தவர்களுக்கு நாலரை வயதில் சொல்வளமும் அதிகம். செருப்பைச் சுட்டிக்காட்டி 'அப்பா' என்று சொல்லும் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அது பாதியைக் கையாலும் பாதியை வாயாலும் சொல்கிறது. 'அப்பா செருப்பு' என்று இரண்டு சொல்லைக் கோத்துப் பேசுவது இதற்கு அடுத்த படி. வாய் தேறியதும் கை தானாக விலகிக்கொள்ளும்.

எங்கள் வீடுகளில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரே குழந்தை ஆயாவிடம் 'பால்' என்றும், அம்மாவிடம் 'மில்க்' என்றும், பகலில் பார்த்துக்கொள்ளும் ஜூலு அம்மாளிடம் 'உபிசி' என்றும் கேட்கிறது. மூவரும் ஒரே சைகையைக் காட்டினால், மூன்று ஒலிகளும் ஒரே பொருளைத்தான் குறிக்கின்றன என்று பிள்ளைக்குத் தெளிவாகும் அல்லவா? ஆய்வு முடிவாக இதைச் சொல்லவில்லை, என் ஊகம்தான்.

இதுவரை சொன்னது காது கேட்கும் குழந்தைகளைப் பற்றி. இருபது முப்பது சைகையைக் கடன் வாங்குவது வேறு, சைகை மொழி வேறு. அதற்குத் தனி இலக்கணம் உண்டு, நாட்டுக்கு நாடு மாறும். மெக்கில் பல்கலைக்கழகத்தின் லாரா-ஆன் பெட்டிட்டோ, பவுலா மாரென்டெட் இருவரும் 1991-ல் காட்டியதுபோல, காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த கேளாக் குழந்தைகள் 10 மாத வாக்கில் கையாலேயே 'பபபப' என்று உளறுகிறார்கள். பொருளற்ற, ஆனால் மொழியின் தாளமுள்ள அசைவுகள். மொழி மூளைக்குள் நுழையக் காது ஒன்றுதான் வாசல் என்றில்லை.

தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் 6-ஆம் பிரிவில், வளர்க்கப்பட வேண்டிய மொழிகளின் இடத்தில் சைகை மொழியும், மதிக்கப்பட வேண்டிய மொழிகளின் இடத்தில் தமிழும் இருந்தன. 2023 ஜூலை 19 அன்று அதிபர் சிரில் ராமபோசா கையெழுத்திட, தென்னாப்பிரிக்கச் சைகை மொழி 12-ஆவது ஆட்சிமொழியாக மேலே ஏறிவிட்டது. தமிழ் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வருத்தப்பட ஒன்றுமில்லை, அந்த மொழி இல்லாவிட்டால் வேறு எந்த மொழியும் எட்டாத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. முதல் சில மாதங்களில் கேளாக் குழந்தையும் மற்றவர்களைப்போலவே குரல் எழுப்பும். கதவை அறைந்தால் திரும்பிப் பார்க்கவும் செய்யும், தரை அதிர்வதால். 10 மாதம் தாண்டியும் 'பாபாபா', 'மாமாமா' என்று அசை கோத்து உளறாவிட்டால் காத்திருக்கக் கூடாது. உள்காதுப் பரிசோதனை சில நிமிட வேலை. தூங்கும் குழந்தையின் காதில் சிறு குமிழை வைத்து மெல்லிய ஒலியை அனுப்புவார்கள். நலமான உள்காது அதற்குப் பதிலாகத் தானே ஒரு நுண்ணொலியைத் திருப்பி அனுப்பும், கருவி அதைப் பதிவு செய்யும். பதில் ஒலி வராவிட்டால் உடனே பயப்பட வேண்டாம். காதில் அழுக்கோ நடுக்காதில் நீரோ இருந்தாலும் வராது, மறுபடி பார்ப்பார்கள். பிறந்த 1 மாதத்துக்குள் முதல் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் உதவி என்பது உலகெங்கும் நிபுணர்கள் வைத்திருக்கும் கணக்கு.