பெயரிலா வகுப்புக்குள் ஒளிந்திருக்கும் பெயர்

ஜாவா மொழி நிரலைச் சி ஷார்ப் மொழிக்கு மாற்றிக்கொண்டிருக்கும் வாசகர் ஒருவர், பெயரிலா வகுப்புக்கு (பெயர் வைக்காமல், தேவைப்படும் இடத்திலேயே எழுதும் வகுப்பு) அங்கே இணை எது என்று கேட்டிருக்கிறார். நேரான இணை கிடையாது. சி ஷார்ப் 3.0, 2007-இல் கொண்டுவந்த ‘பெயரிலா வகை’ சில மதிப்புகளைச் சேர்த்துக் கட்டிய பொட்டலம் மட்டுமே. அது எந்த இன்டர்ஃபேஸையும் (ஒரு வகுப்பில் இருக்க வேண்டிய மெத்தட்களின், அதாவது செயல்களின், பட்டியல்) நிறைவேற்றாது. ஒரே மெத்தட்தான் தேவை என்றால் டெலிகேட்டும் (மெத்தடைச் சுட்டும் வகை) லாம்டாவும் (பெயரில்லாத சிறு மெத்தட்) போதும். மற்ற இடங்களில் நாமே பெயர் வைத்து உள்வகுப்பு ஒன்றை எழுத வேண்டும்.

ஜாவா கம்பைலரும் (நிரலை ஓடக்கூடிய வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) திரைமறைவில் இதைத்தான் செய்கிறது. ‘கடை’ என்னும் வகுப்புக்குள் பெயரில்லாமல் எழுதியது ‘கடை$1’ என்ற தனிக் கோப்பாகப் பிறக்கிறது. கம்பைல் ஆன கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் ஜாவாபி (javap) கருவியால் அதைத் திறந்தால், வெளி மெத்தடிலிருந்து எடுத்தாண்ட ‘விலை’ என்ற மாறி ‘வால்$விலை’ என்ற ஃபீல்டாக (வகுப்புக்குள் மதிப்பை வைத்திருக்கும் இடம்) அமர்ந்திருப்பதைக் காணலாம். உள்ளே போவது நகல் என்பதால்தான், அந்த மாறியின் மதிப்பைப் பிறகு மாற்றக் கூடாது என்ற விதியே வந்தது. நம் கல்லூரிகளில் இவ்விதியை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, மாணவரை ஒருமுறை இந்தக் கோப்பைத் திறந்து பார்க்கச் சொல்லலாம் என்பது என் உறுதியான கருத்து.

என்னை மிகவும் ஈர்ப்பது அந்த நகல் நிரப்பப்படும் நேரம். ‘ரசீது’ என்ற தாய் வகுப்பின் கன்ஸ்ட்ரக்டர் (பொருளை உருவாக்கும்போது ஓடும் பகுதி), ‘தொகை’ என்ற மெத்தடை அழைப்பதாகவும், அதை நம் பெயரிலா வகுப்பு மாற்றி எழுதி, 50 என்ற விலையைத் திருப்பித் தருவதாகவும் கொள்வோம். ஜாவா கம்பைலர் முதலில் ‘வால்$விலை’யில் 50-ஐ வைத்துவிட்டு, அதன் பிறகே தாய் கன்ஸ்ட்ரக்டரை அழைக்கிறது, ஜாவா 25 வரும்வரை நிரலாளர் தம் கையால் எழுத முடியாதிருந்த வரிசை இது. சி ஷார்ப்பிலோ தாய் கன்ஸ்ட்ரக்டர் முழுவதும் ஓடி முடிந்த பின்னரே நம் கன்ஸ்ட்ரக்டரின் உடலுக்குள் எழுதிய வரிகள் ஓடும். தாய் கன்ஸ்ட்ரக்டர் ‘தொகை’யை அழைக்கும் நேரத்தில் விலை இன்னும் நிரம்பியிருக்காது. எனவே வரிக்கு வரி சரியாக மாற்றிய நிரலும் பிழையின்றிக் கம்பைல் ஆகி, ரசீதில் 0 என்று அச்சிடும்.

இதற்கு மாற்று, சி ஷார்ப்பிலேயே இருக்கிறது. அங்கே ஃபீல்டை அறிவிக்கும் வரியிலேயே கொடுக்கும் தொடக்க மதிப்பு தாய் கன்ஸ்ட்ரக்டருக்கு முன்பே அமைந்துவிடும். 2023-இல் வந்த சி ஷார்ப் 12-இல் வகுப்பின் பெயரை ஒட்டியே கன்ஸ்ட்ரக்டரின் அளபுருக்களை (வெளியிலிருந்து வாங்கும் மதிப்புகளை) எழுதலாம் என்பதால், அந்த வரியில் ‘விலை’யை நேரடியாகப் பயன்படுத்த முடிகிறது, ரசீதில் 50 திரும்பி வருகிறது.