பேரிங் கடைக்குப் போகும் முன் அந்த எழுத்தைப் பாருங்கள்

மலேசியாவின் பகாவ் சுற்றுவட்டாரச் செம்பனை ஆலைகளில் மோட்டார், கியர்பாக்ஸ் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. போன மாதம் ஓர் ஆலையில் கூப்பிட்டார்கள். பாய்லர் காற்றாடி மோட்டாரில் ஷாஃப்ட்டை (சுழலும் தண்டை) தாங்கும் பேரிங்கைப் புதிதாகப் போட்டு மூன்று நாள்கூட ஆகவில்லை, கை வைக்க முடியாத சூடு. கழற்றினால் கிரீஸ் கருகித் தார்போல் இருந்தது. பழைய பேரிங் குப்பைத் தொட்டியில் கிடந்தது: என்யூ 316. புதிதாகப் போட்டது என்யூபி 316.

"சைஸ் ஒண்ணுதானேண்ணே, கச்சிதமா உட்கார்ந்துச்சே" என்றார் பொருத்திய தம்பி.

சைஸ் ஒன்றுதான். உள்துளை 80 மில்லிமீட்டர் (கடைசி இரண்டு எண்களை ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்), வெளிவிட்டம் 170, அகலம் 39. வம்பெல்லாம் அந்த ஒற்றை 'பி'யில்.

உருளை ரோலர் பேரிங்கில் விளிம்பு எந்த வளையத்தில் இருக்கிறது என்பதுதான் விஷயம். என்யூவில் வெளிவளையத்தில் இரு பக்கமும் விளிம்பு, உள்வளையம் மொட்டை. ஷாஃப்ட் சூடேறி நீளும்போது உள்வளையம் ரோலர்களுக்கு அடியில் நகர்ந்து இடம் கொடுக்கும். 'என்' வகை இதற்குத் தலைகீழ். என்ஜேயில் உள்வளையத்திலும் ஒரு விளிம்பு உண்டு; ஒரு பக்கத் தள்ளலைத் தாங்கும். என்யூபி இரு பக்கமும் பூட்டிவிடும்.

அந்த மோட்டாரின் மறுமுனையில் ஏற்கனவே ஒரு பால் பேரிங் (உருளைக்குப் பதில் குண்டுகள் உள்ளது) ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கிறது. ஒரு மீட்டர் எஃகு ஷாஃப்ட், வெளிக்கூட்டைவிட 50 டிகிரி கூடுதலாகச் சூடானால் அரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இரண்டு முனையும் பூட்டிக் கிடந்தால் அது எங்கே போகும்?

அதே அளவுதானே என்று 6316 பால் பேரிங்கைப் போடுகிறவர்களும் உண்டு. குண்டு புள்ளியாகத் தொடும், ரோலர் கோடாகத் தொடும். பெல்ட் இழுக்கும் முனையில் ரோலர்தான் தாக்குப்பிடிக்கும். பெல்ட் இல்லாமல் நேரே கப்ளிங் (ஷாஃப்ட்டோடு ஷாஃப்ட்டை இணைப்பது) மாட்டிய மோட்டார் என்றால் கதை வேறு. பாரம் போதாவிட்டால் ரோலர் உருளாமல் சறுக்கித் தேயும், அங்கே பால் பேரிங்கே நல்லது. கேஜ் (ரோலர்களைத் தனித்தனியே பிரித்து வைக்கும் கூண்டு) இல்லாமல் ரோலர்களை நெருக்கி அடுக்கிய வகை, மெதுவாகச் சுற்றும் பாரமான கியர்பாக்ஸுக்கு மட்டும்.

அப்புறம், ஷாஃப்ட்டில் ஏற்றுவதற்காக உள்வளையத்தைக் கேஸ் தீயில் காட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஹீட்டரில் 110 டிகிரி போதும்.

அந்தத் தம்பி இப்போது பழைய பேரிங்கைத் துடைத்து, எழுத்து தெரியப் படம் பிடித்து, எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத்தான் கடைக்குப் போகிறார். நேற்று ராத்திரி பதினொரு மணிக்கும் ஒன்று வந்தது.