பதத்தில் பேனா வைக்காதீர்கள்

காரைக்குடியில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். அரங்கேற்றம் நெருங்கினாலே பெற்றோர் போன் செய்வார்கள். போன வாரமும் ஒரு அம்மா: “டீச்சர், அந்தப் பதத்துல ‘மடந்தை’ன்னு வருதே, ‘அடியாள்’னு மாத்திக்கலாமா? ஆச்சிமார் எல்லாம் முன்வரிசையில உட்கார்ந்திருப்பாங்க. முருகனைப் போய் ஒரு பொண்ணு இப்படித் தேடலாமா?”

அவர் சொன்னது கனம் கிருஷ்ணையரின் ‘வேலவரே உமைத் தேடி ஒரு மடந்தை’, பைரவி ராகம். பதம் என்றால் காதலை நிதானமாகப் பாடும் பாட்டு; மடந்தை என்றால் இளம்பெண். இதே கோரிக்கையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

கர்நாடக சங்கீதம் என்றால் பக்தி, காதல் என்றால் சினிமா என்று யார் பிரித்துக் கொடுத்தார்கள்? கல்யாண வீட்டில் ‘வாரணம் ஆயிரம்’ பாடச் சொல்கிறோம். அது கண்ணனை மணப்பதாக ஆண்டாள் கண்ட கனவு. இதோ பக்கத்தில் இருக்கும் ஆவுடையார்கோயிலோடு சேர்த்துப் பேசப்படும் மாணிக்கவாசகர், திருக்கோவையாரில் 400 பாட்டும் அகத்துறையில், அதாவது காதலை வைத்துத்தான் பாடினார். 12ஆம் நூற்றாண்டு ஜெயதேவரின் அஷ்டபதியில் ராதை ஊடுகிறாள், ஏங்குகிறாள். அதைப் பஜனையில் பாடுகிறோம். 17ஆம் நூற்றாண்டில் க்ஷேத்ரக்ஞர் முவ்வ கோபாலன் என்று கண்ணனை நாயகனாக வைத்துப் பதம் பதமாகப் பாடினார். இவர்களுக்கெல்லாம் பக்தி போதவில்லையா? ‘எல்லாம் ஜீவாத்மா, பரமாத்மா’ என்று சொல்லிவிட்டு மரக்கட்டை மாதிரிப் பாடுவதும் இதே தப்புதான். உள்பொருள் இருக்கட்டும். முதலில் அந்தப் பெண்ணின் தவிப்பு காதில் விழ வேண்டாமா?

தவிப்பு சொல்லில் மட்டும் இல்லை, ராகத்திலும் இருக்கிறது. பைரவியில் ‘த’ ஸ்வரம் ஏறும்போது சதுஸ்ருதி தைவதம் (உயர்ந்த ‘த’), இறங்கும்போது சுத்த தைவதம் (தாழ்ந்த ‘த’). நம்பி மேலே போன குரல், திரும்பும்போது அரை ஸ்வரம் தணிந்து வருகிறது. சௌக்க காலத்தில், அதாவது மெதுவான நடையில், ‘உமைத் தேடி’யை நின்று நிதானமாகப் பாடினால், அந்த இறக்கத்திலேயே அவள் நிலைமை தெரிந்துவிடும். வேகம் கூட்டினால் இது அத்தனையும் போச்சு. இன்னொன்று: ‘ஒரு மடந்தை’ என்று முருகனிடம் பேசுவது தேடும் பெண் இல்லை, அவளைப் பற்றிச் சொல்லும் இன்னொரு குரல். ‘அடியாள்’ என்று போட்டால் அவளே பேசுவதாக ஆகி, அந்தக் குரல் காணாமல் போய்விடும்.

கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1943இல் உருவான தமிழ் இசைச் சங்கத்தின் மேடையில், 1975இல் பரதநாட்டியக் கலைஞர் டி. பாலசரஸ்வதி நாட்டியக் கச்சேரியைக் கோயிலாக உருவகித்துப் பேசினார். அதில் பதம் வரும் இடத்தைத்தான் கருவறைக்குள் நுழைவதாகச் சொன்னார். சிருங்காரம், அதாவது காதல் ரசம், கூச்சப்பட வேண்டிய விஷயம் என்பவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

சரி, பெற்றோருக்கு: டீச்சரிடம் கேட்காமல் நோட்டில் வரியை அடிக்காதீர்கள். நேரம் போதவில்லை என்று சரணத்தை வெட்டச் சொல்லாதீர்கள். யூடியூப்பில் கேட்ட துரித காலத்தைக் கொண்டுவந்து திணிக்காதீர்கள். வர்ணமும் கீர்த்தனையும் கைவராத பிள்ளைக்குப் பதமே கேட்காதீர்கள். அசிங்கம் என்பதற்காகச் சொல்லவில்லை, அந்த நிதானத்துக்கு மூச்சும் சுருதியும் பழக வேண்டும். அப்புறம், அர்த்தத்தைப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள், தயவுசெய்து. ‘ஒரு பெண் முருகனை நேசிக்கிறாள், அவர் வரவில்லை’ என்று வயதுக்கேற்ப நேராகச் சொன்னால் போதும், பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

அப்படியும் மனசு ஒப்பவில்லையா? முருகன் மேல் கீர்த்தனைகளுக்கா பஞ்சம்? வேறொன்று எடுத்துக்கொள்வோம், சந்தோஷமாகச் சொல்லித் தருகிறேன். கனம் கிருஷ்ணையர் பாட்டை அப்படியே விட்டுவிடுங்கள்.