தாம்பாளத்தில் தெரியும் மயில்கழுத்து

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். இரண்டிலும் அவர்தான், பாட்டியின் பழைய காஞ்சிப் பட்டில். கூடத்து விளக்கின்கீழ் எடுத்த படத்தில் கொசுவம் நீலம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் எடுத்த படத்தில் அதே கொசுவம் பச்சை. "அசல் கைத்தறிப் பட்டுதான் இப்படி நிறம் மாறும், மிஷின் சேலை மாறாது என்கிறார் பாட்டி. உண்மையா?"

பாதி உண்மை. சேலை மாறுகிறது, கேமரா மேல் பழியில்லை. ஆனால் அதற்குக் காரணம் கையா மிஷினா என்பதில்லை. நீலமும் பச்சையுமாக மாறும் இந்த ரகத்துக்கு மயில்கழுத்து என்று பெயர். விசைத்தறியிலும் அதை நெய்யலாம், அதுவும் மாறும். பாட்டியிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

தெரிந்த கதையை முதலில் ஓட்டிவிடுகிறேன். துணியில் நீளவாக்கில் ஓடுவது பாவு. நாடாவில், அதாவது தறியில் இடமும் வலமும் ஓடும் கட்டையில், குறுக்கே போய்வருவது ஊடை. பாவை நீலத்திலும் ஊடையைப் பச்சையிலும் போட்டால் மயில்கழுத்து. ஒரு மில்லிமீட்டருக்குள் பல இழைகள் இருப்பதால் ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் கண்ணால் அவற்றைப் பிரித்துப் பார்க்க முடியாது, இரண்டும் கலந்துவிடும். பள்ளிப் பாடம் இத்தோடு முடிகிறது. ஆனால் கலந்தால் ஒரே நிறமாக அல்லவா நிற்க வேண்டும்? நீலப் பாவு, பச்சை ஊடையில் ஒரு பருத்திச் சேலை எடுத்துப் பாருங்கள். நடுவாந்தரமான ஒரு நிறம் தெரியும், எப்படித் திருப்பினாலும் பெரிதாக மாறாது. பட்டு மட்டும் ஏன் ஆட்டம் காட்டுகிறது?

இதற்கு அடுப்படிக்குப் போக வேண்டும். பலகாலம் தேய்த்த எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றை எடுங்கள். வட்டவட்டமாக மெல்லிய கீறல்கள் இருக்கும். விளக்கின்கீழ் பிடித்தால் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் விசிறி விரித்ததுபோல ஒளி தெரியும். இப்போது தட்டை மட்டும் சுழற்றுங்கள். தட்டு சுழலும், விசிறி அசையாது! நான் முதன்முதலில் இதைக் கவனித்தபோது வீட்டில் சாம்பார் தீய்ந்தது. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

விசிறி ஏன் அங்கேயே நிற்கிறது? கீறலும் இழையும் ஒளிக்கு ஒன்றுதான்: நீண்ட, மெல்லிய, வழவழப்பான கோடு. சமதளக் கண்ணாடி ஒளியை ஒரே திசையில் திருப்பும். கோட்டுக்கு வேறு சட்டம். ஒளி அதன் உடலோடு என்ன கோணத்தில் வந்ததோ அதே கோணத்தில் வெளியேற வேண்டும். சுற்றுமுற்றும் எந்தப் பக்கம் போனாலும் சரி, அந்தக் கோணம் மட்டும் மாறக்கூடாது. அதனால் திரும்பும் ஒளி ஒரு கூம்பாக விரிகிறது. கூம்பில் உங்கள் கண் அகப்பட்டால் கோடு மின்னும், இல்லையென்றால் மங்கும். தட்டில் எந்த இடத்துக் கீறல்களுக்குக் கோணம் பொருந்துகிறதோ அந்த இடம் விசிறியாகிறது. சுழற்றினால் அதே இடத்துக்கு அடுத்த கீறல் வந்து நின்று மின்னுகிறது. எண்ணெய் வைத்து வாரிய தலையில் வளையம் போட்டதுபோல ஒரு பளபளப்பு தெரியுமே, அதுவும் இதே சங்கதிதான்.

இப்போது சேலைக்கு வருவோம். பாவு சேலையின் நீளத்தில் ஓடுகிறது. நீளம்தான் இடுப்பைச் சுற்றுகிறது. ஆகவே கொசுவத்தில் பாவு இழை படுத்திருக்கும், ஊடை இழை நின்றுகொண்டிருக்கும். கூடத்தில் விளக்கு தலைக்கு மேல், கேமரா எதிரே. படுத்த இழைக்கு இரண்டுமே செங்குத்து: ஒளி தொண்ணூறு பாகையில் வருகிறது, தொண்ணூறு பாகையில் கண்ணுக்குப் போகிறது. சட்டம் பொருந்தியாயிற்று, நீலம் மின்னுகிறது. நின்ற இழைக்கோ ஒளி உச்சந்தலையிலிருந்து உடலோடு ஒட்டி இறங்குகிறது. கண் இருப்பது தொண்ணூறில். பொருந்தவில்லை, பச்சை மங்குகிறது.

நடைபாதையில் ஒளி பக்கவாட்டில், கைப்பிடிச் சுவருக்கு அப்பாலிருந்து வருகிறது. கணக்கு அப்படியே தலைகீழ். நின்ற ஊடை மின்னுகிறது, படுத்த பாவு அடங்குகிறது. வாசகியின் இரண்டு படங்களும் இவ்வளவுதான். சேலை மார்பைக் கடந்து தோளுக்கு ஏறும் இடத்தில் பாவும் சாய்ந்து மேலே ஏறுவதால், ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இரண்டு நிறமும் தெரியும். லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் மின்படியில் உங்களுக்கு முன்னால் பட்டு உடுத்தியவர் யாராவது ஏறினால் ஓரக்கண்ணால் பாருங்கள். உற்றுப் பார்க்க வேண்டாம், மரியாதை முக்கியம்.

ஒரு சிக்கல் பாக்கி. வழவழப்பான மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி வெள்ளையாகவே திரும்பும், சாயம் அதில் ஒட்டாது. பட்டு இங்கேதான் மனதைக் கொள்ளையடிக்கிறது. புழு துப்பும் இழை இரட்டை நூல், செரிசின் என்ற பசையால் ஒட்டியது. எடையில் கால் பங்குவரை பசைதான். சோப்பு நீரில் வேகவைத்துப் பசையை எடுத்தால் உள்ளே இருப்பது முனை மழுங்கிய முக்கோண வெட்டுமுகம் கொண்ட, ஏறத்தாழ ஒளிபுகும் இழை. ஒளியில் ஒரு பங்கு உள்ளே நுழைகிறது, எதிர்ச்சுவரில் மோதுகிறது, சாயத்தைச் சுமந்துகொண்டு வெளியே வருகிறது. வரும்போதும் அந்தக் கூம்புச் சட்டத்தைப் பெரும்பாலும் மீறுவதில்லை. ஆக, மினுமினுப்பிலேயே நிறம் இருக்கிறது. பருத்தி இழைகள் குட்டை, முறுக்கியவை, முனைகள் நாலாபக்கமும் துருத்தி நிற்கும். நூறு கோடு நூறு திசையைப் பார்த்தால் கூம்பு எங்கே உருவாகும்?

அசல் மயிலின் கழுத்தில் நீலச் சாயமோ பச்சைச் சாயமோ கிடையாது என்பது வேடிக்கை. அங்கே நிறம் பீலிக்குள் இருக்கும் நுண்கட்டமைப்பின் வேலை. நெசவாளர் அந்த ஜாலத்தை இரண்டு சாயத்தையும் ஒரு செங்கோணத்தையும் வைத்தே செய்துவிட்டார்.

துணி எப்படி மின்னும் என்ற கணிதத்தை இன்று நுணுக்கமாகப் போட்டுவைத்திருப்பவர்கள் கணினி வரைகலைக்காரர்கள். திரைப்படத்தில் தலைமுடி நிஜமாகத் தெரிய வேண்டும் என்று தொடங்கி, அதே கூம்புச் சமன்பாட்டைத் துணிக்கும் கொண்டுவந்தார்கள். தறிக்காரர் பக்கம் என்ன நடந்தது? 2019-20 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 35 லட்சம் பேர் கைத்தறித் தொழிலில் இருக்கிறார்கள். 2020 ஜூலை இறுதியில் அரசு அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 7 வந்தது, தேசியக் கைத்தறி நாள் வாழ்த்துகளும் வந்தன. ஆய்வுப் பணம் திரைக்குப் போகட்டும், எனக்கும் படம் பிடிக்கும். தறிக்கும் கொஞ்சம் சிந்தியிருக்கலாம்.

பட்டைப் பற்றி இன்னொரு ரகக் கதையும் உண்டு. பட்டு 'நல்ல அதிர்வலைகளை' இழுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வரும். பள்ளியில் கண்ணாடிக் கோலைப் பட்டுத்துணியால் தேய்த்தோமே, நினைவிருக்கிறதா? பட்டு இழுப்பதாக நான் கண்டது அப்போது ஒட்டிய காகிதத் துணுக்கைத்தான்.

அப்படியானால் கைத்தறிக்கு என்னதான் பெருமை? சில ஆண்டுகளுக்கு முன் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தறியில் அரக்குப் பாவு. அதில் மூன்று சேலை எடுக்கலாமாம். முதல் சேலை முடிந்திருந்தது, ஊடை பச்சை. நெசவாளர் நாடாவிலிருந்து பச்சைத் தாரை (ஊடை நூல் சுற்றிய குழலை) உருவினார், நீலத் தாரைச் செருகினார். நாலு விரற்கடை நெய்வதற்குள் அரக்கு, கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விட்டது. "ஊடைய மாத்துனா சேலையே வேற சார். மூணாவதுக்கு என்னன்னு இன்னும் யோசிக்கல" என்றார். ஆயிரக்கணக்கில் ஒரே துணியை ஓட்டும் ஆலையில் யாரும் பாதியில் இப்படி யோசிக்க முடியாது. கரைக்கும் உடலுக்கும் வேறுவேறு ஊடை போட்டுக் கோக்கும் கோர்வைக்கு மூன்று நாடா வேண்டும், கூட இன்னொரு கையும் வேண்டும். 'ஸ்லோ ஃபேஷன்', அதாவது உடையை நிதானமாகச் செய்து நிதானமாக வாங்குவது, என்று இங்கே இளையர்கள் பேசும்போது எனக்கு ஞாபகம் வருவது அந்த மூன்றாவது சேலைதான்.

மெதுவுக்கு ஒரு லாபமும் இருக்கிறது. ஒரு தீபாவளிக்குச் சிராங்கூன் சாலைக் கடையொன்றில் கூரை முழுக்க விளக்கு எரிய, அவசரமாகச் சேலை எடுத்தோம். மறுநாள் காலை சன்னலோரம் பிரித்த மனைவி, "இது நான் எடுத்த கலரே இல்ல" என்றார். பில்லைக் காட்டியும் பயனில்லை. இப்போதெல்லாம் கடையிலேயே சேலையைக் கையில் போட்டு வாசலுக்குக் கொண்டுபோய், நீளவாக்கில் ஒருமுறை, குறுக்குவாக்கில் ஒருமுறை பிடித்துப் பார்க்கிறோம். கடைக்காரர் நொந்துகொள்கிறார்.

வாசகிக்கு ஒரு வேலை சொல்லியிருந்தேன். சேலையின் உள்தலைப்பில், இடுப்பில் செருகும் பக்கம், பிரிந்து தொங்கும் நூல்தான் பாவு. அதன் நிறம் நீலமாக இருக்க வேண்டும். நேற்று பதில் வந்தது. நீலம்தானாம். கைபேசி விளக்கை மேலும் பக்கமுமாகப் பிடித்து இரண்டு நிறத்தையும் பாட்டிக்குக் காட்டியிருக்கிறார். பாட்டி பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "இதத்தானே நான் முதல்லயே சொன்னேன். சரி, மடிச்சு வை, கசங்கிடும்."