மார்புக்குள் ஏறிய இரைப்பையைக் கீழே இறக்குவது எப்படி?

இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. நாலு வாய் சாப்பிட்டதும் நெஞ்சை அடைக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வயதானவர்களுக்கு இப்படி இருந்தால் முதலில் இதயத்தைத்தான் சோதிப்பார்கள், அதுதான் முறையும். அங்கே கோளாறு இல்லையென்றால், எக்ஸ்ரேயில் இதயத்துக்குப் பின்னால் காற்றுக்குமிழி ஏதும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அது இடம்பெயர்ந்த இரைப்பையாக இருக்கலாம்.

மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில், உணவுக்குழாய் இறங்கிவர ஒரு துளை உண்டு. வயதாக ஆக அதன் விளிம்புத் தசைகள் தளர்ந்து துளை அகலும். வயிற்றுக்குள் அழுத்தம் அதிகம், மார்புக்குள் குறைவு. ஆகவே இரைப்பை மேலே ஏறுகிறது. இதுதான் ஹயாட்டல் ஹெர்னியா. பெரும்பாலானவை சிறியவை, மாத்திரையிலேயே அடங்குபவை. இரைப்பையில் பாதி மேலே போய்விட்டால் கதை வேறு. மூச்சுக்கு மூச்சு துளையின் விளிம்பில் உரசும் மடிப்புகளில் ‘கேமரான் புண்கள்’ உண்டாகி ரத்தம் கசியும். ரத்தசோகை அதனால் வருவது. இரைப்பை முறுக்கிக்கொண்டாலோ உயிருக்கே ஆபத்து: கடும் வலி இருக்கும், குமட்டினாலும் வாந்தி வராது, மூக்குவழிக் குழாய் இரைப்பைக்குள் இறங்காது.

இதற்கான அறுவையில், சிறு துளைகள் வழியே நுழைக்கும் லேப்ராஸ்கோப்பி கருவியால் இரைப்பையை இழுத்தால் கீழே வந்துவிடும். பிடியை விட்டதும் மறுபடி மேலே போய்விடும். வயிற்றறையின் உட்புறத்தை மூடியிருக்கும் சவ்வும் பைபோல அதனுடன் மார்புக்குள் போய் ஒட்டியிருப்பதே காரணம். எனவே தேர்ந்த அறுவை நிபுணர் இரைப்பையோடு மல்லுக்கட்டுவதில்லை. துளையின் விளிம்பில் தொடங்கி அந்தப் பையைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தெடுக்கிறார். இருபுறமும் நுரையீரல் உறை, முன்னால் இதயம், பின்னால் மகாதமனி, உணவுக்குழாயை ஒட்டி, இரைப்பையை இயக்கும் வேகஸ் நரம்புகள். மொத்தச் சிகிச்சையிலும் பொறுமை மிக அதிகமாகத் தேவைப்படுவது இங்கேதான் என்பேன்.

அடுத்து உணவுக்குழாயைச் சுற்றிலும் விடுவித்து, இழுக்காமல் விட்டுப் பார்ப்பார்கள். இரண்டு, மூன்று சென்டிமீட்டராவது தானாகவே வயிற்றுக்குள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இரைப்பையின் மேற்பகுதியை ஸ்டேப்ளர் போட்டுக் குழாயாக்கி நீளத்தைக் கூட்டுவது உண்டு. 1957இல் காலிஸ் என்ற அறுவை மருத்துவர் விவரித்த முறை இது. பிறகு துளையின் தசைகளைத் தையல் போட்டு நெருக்குவார்கள். கடைசியாக, கழுத்தைச் சுற்றித் துண்டு போடுவதுபோல இரைப்பையின் மேல்நுனியை உணவுக்குழாயைச் சுற்றித் தைப்பார்கள். ருடால்ஃப் நிஸ்ஸன் 1950களில் அறிமுகப்படுத்திய இந்த மடிப்பு, அமிலம் மேலேறாமல் தடுக்கிறது.

ஓயாமல் அசையும் தசையில் போட்ட தையல் எத்தனை நாள் தாங்கும்? உயிரித்திசு வலை (விலங்குத் திசுவிலிருந்து செய்தது) வைத்து வலுப்படுத்தினால் தாங்குமா என்று அமெரிக்காவில் 108 பேரிடம் சோதித்தார்கள். ஆறு மாதத்தில் வலை வைத்தவர்களில் 9 விழுக்காட்டினருக்கும், வைக்காதவர்களில் 24 விழுக்காட்டினருக்கும் ஹெர்னியா திரும்பியிருந்தது. ஏறக்குறைய ஐந்து ஆண்டில் அது 54, 59 என்றானது. வலையின் ஆதாயம் கரைந்துவிட்டது. ஆனாலும் திரும்பியவை பெரும்பாலும் சிறியவை. நோயாளிகளின் தொல்லைகள் குறைந்தபடியே இருந்தன, மறு அறுவை தேவைப்பட்டவர்கள் மிகச் சிலரே. எனவே படத்தில் சிறு ஹெர்னியா தெரிந்தாலே சிகிச்சை தோற்றுவிட்டதாகக் கலங்க வேண்டியதில்லை. தொல்லையே இல்லாத முதியவருக்கு அறுவை செய்யாமல் கண்காணிப்பதும் நியாயமான முடிவுதான்.

அறுவை செய்துகொண்டவர்களுக்கு முதல் சில வாரங்கள் நீராகாரமும் குழைவான உணவும்தான். வாந்தி வராமலிருக்க முன்கூட்டியே மருந்து கொடுப்பார்கள். ஒரே ஒரு பலத்த ஓங்கரிப்பு புதுத் தையலைப் பிய்த்துவிடக்கூடும்.